இரண்டு தலைக் காசு

பயணிகள் அவளை 'ரைட் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்தில் விசிலைத் தொலைத்த நாளிலிருந்து வாயாலேயே "ரைட்!" என்று அதட்டி வண்டியைக் கிளப்புகிற நடத்துநர் அவள். நாள் முழுக்கச் சில்லறை புரளும் அந்தக் கைக்கு, அச்சடிக்கும்போதே கோணலாகிப்போன காசு எது என்று தொட்டதும் தெரிந்துவிடும். படம் ஓரத்துக்கு நழுவி, பிறை மாதிரி வெற்றிடம் விட்ட காசு. ஆண்டு எண் இரண்டு முறை பதிந்த காசு. அப்படி ஒன்று சிக்கினால் தன் பணத்தை வசூல் பையில் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வாள்.

அன்று சிக்கியது வேறு ரகம். ஒரு பக்கம் தலை. திருப்பினால், அங்கேயும் தலை. பூவைக் காணோம்.

தன் வீட்டுக்காரரிடம் அதைக் காட்டியதுதான் அவள் செய்த தப்பு. அடுத்தவர் டாக்ஸியை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிற மனுஷன். இப்படிப் பிழையான காசுக்குச் சேகரிப்பவர்கள் லட்சக்கணக்கில் கொடுப்பார்கள் என்று கணக்குப் போட்டு, மறுநாளே சொந்த டாக்ஸிக்கு என்ன நிறம் என்று தெருவில் ஆலோசனை கேட்க ஆரம்பித்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் மஞ்சள் என்றார். எதிர்வீட்டு அம்மா வெள்ளைதான் லட்சணம் என்றார். செய்தி காற்றில் போய் ஒரு பழங்காசு வியாபாரியின் காதில் விழ, அவரே வீடு தேடி வந்தார்.

ஆனால் அவளுக்குள் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. தலையை அடிக்கும் அச்சும் பூவை அடிக்கும் அச்சும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று அவ்வளவு சுலபமாக உட்காராது. வியாபாரி காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே காசை ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடிக்கு அடியில் பிடித்தாள். விளிம்பின் உள்புறம், மயிரிழை போல ஒரு வட்டக்கோடு. காசைத் தரையில் போட்டாள். 'கிணிங்' என்று துள்ள வேண்டியது 'டொக்' என்று விழுந்தது. யாரோ ஒரு காசைக் கடைந்து குழியாக்கி, அதற்குள் இன்னொன்றின் தலையைச் செருகியிருந்தார்கள்.

"இது அச்சுப்பிழை இல்ல சார். ஒட்டு வேலை."

வியாபாரி அசரவே இல்லை. "தெரியும்மா. நீங்க வாயத் தொறக்காம இருந்தா போதும். விக்கறது என் பாடு."

"அதாவது, ரெண்டு தலை இருக்குன்னு காட்டி, எவனோ ஒருத்தன் தலையில மிளகா அரைக்கப் போறீங்க."

வீட்டுக்காரர் அவளை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார். "ஏம்மா, நாமளா செஞ்சோம்? வந்தத விக்கறோம். ஊர்ல யாரு செய்யல?"

"ஊரு செய்யட்டும். என் கையால போகாது."

"எத்தனை நாளைக்கு அடுத்தவன் வண்டிய ஓட்டச் சொல்ற?"

அந்தக் கேள்வி அவளைத் தைத்தது. அவர் முகத்தைப் பார்த்தால் மனசு இளகிவிடும் என்று தெரியும். அதனால் பார்க்கவில்லை. அலமாரியிலிருந்து சுத்தியலை எடுத்தாள். கூடத்துக்கு வந்து, காசைத் துணியில் சுற்றி, வாசற்படியின் விளிம்பில் வைத்து ஒரே தட்டு. துணியைப் பிரித்தால் இரண்டு துண்டு. உள்ளே கடைசல் கோடுகள் பல்லிளித்தன.

"பொழைக்கத் தெரியாத பொம்பளை!" என்று வியாபாரி எழுந்தார்.

"பொழச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். காப்பி ஆறுது, குடிச்சிட்டுப் போங்க."

வீட்டுக்காரர் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூடச் சுவரைப் பார்த்துக் கேட்டார். அது போதாதென்று, 'ரைட் அக்காவுக்குக் காசைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, நல்ல காசை உடைத்துவிட்டாள்' என்று வியாபாரி ஊரெல்லாம் பரப்பிவிட்டார்.

மாதாமாதம் பொது மண்டபத்தில் நாணயம் சேர்ப்பவர்கள் கூடுவார்கள். அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். வியாபாரியின் மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு மேசை பிடித்து, கைக்குட்டை விரித்து, இரண்டு துண்டுகளையும் வைத்தாள். நின்றவர்களுக்கெல்லாம் விளிம்பை எப்படிப் பார்ப்பது, சத்தத்தை எப்படிக் கேட்பது என்று காட்டினாள்.

"இங்கேர்ந்து கெளம்பும்மா," என்று வியாபாரி பல்லைக் கடித்தார்.

"வாடகை கட்டியிருக்கேன் சார். கதவச் சாத்தும்போது கெளம்பறேன்."

ஒருவர் தன் பையிலிருந்த இரண்டு தலைக் காசைப் பெருமையாக எடுத்து மேசையில் போட்டுப் பார்த்தார். 'டொக்.' மனுஷன் காசைப் பொறுக்கிக்கொண்டு நேரே, அதை விற்ற வியாபாரியின் மேசைக்குப் போனார். அங்கே எழுந்த சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

எல்லோரும் அவளைக் கொண்டாடவில்லை. தன் காசு போலி என்று கேட்ட பலர் அவளைத்தான் திட்டினார்கள். ஒரு பெரியவர் சாபமே கொடுத்தார். அவள் இடத்தை விட்டு நகரவில்லை. மாலையில் அழைத்துப்போக வந்த வீட்டுக்காரர், அந்தப் பெரியவர் கத்துவதைக் கேட்டுவிட்டு, "எம் பொண்டாட்டி சொன்னா சொன்னதுதான் ஐயா. நானே கத்திப் பாத்துட்டேன்," என்றார். அவளிடம் அவர் நேராகப் பேசியது அதற்குப் பிறகுதான்: "ஏறு வண்டியில."

அடுத்த மாதம் வியாபாரி தன் மேசையை மண்டபத்தின் மறுகோடிக்கு மாற்றிக்கொண்டார். அவள் கைக்குட்டையை மடித்து எடுத்துக்கொண்டு, நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டே அங்கே போய், அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.