பதினெட்டாவது வரிசையில் புகை

என் அக்கா மகளுக்கு நான் நாற்பதாயிரம் கடன்பட்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஒற்றைத் தையல் மெஷினில் தொடங்கி, இதுவரை முந்நூறு பஸ்களுக்கு சீட் தைத்துக் கொடுத்தவன் நான். வேறு எவனுக்கும் ஒரு காசு பாக்கி வைத்தவனில்லை.

அவளை வீட்டில் கட்டெறும்பு என்போம். ஆள் சிறிசு. தானாக வம்புக்குப் போகமாட்டாள், மிதித்தவனை விடமாட்டாள். அப்பா இல்லாத பிள்ளை. பள்ளிக்கூடம் முடித்ததும் விமானத்தில் பணிப்பெண்ணாகச் சேர்ந்தாள். இரண்டு வருஷச் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததை என் இரண்டாவது மெஷினுக்குக் கொடுத்தாள். அந்த வாரமே பட்டறைக்கு வந்த பஸ் முதலாளி ஒருவர், "உங்க அக்கா பொண்ணு என்ன பண்றா?" என்று கேட்டார். "வானத்துல தட்டு தூக்குறா" என்றேன். நன்றாகச் சிரித்தார். அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

பணம் சேர்ந்ததும் கொடுக்கப் போனேன். கை நீட்டவில்லை.

"என் பிளேன்ல ஒரு தடவை ஏறி, நான் என்ன வேலை பாக்குறேன்னு பாருங்க மாமா. அப்புறம் வாங்கிக்கிறேன்."

பாங்கில் போட்டேன். மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டாள். பதினொரு வருஷம் இப்படியே போனது. எனக்குப் பறக்கப் பயம் என்று அக்கா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். பயமெல்லாம் இல்லை, நேரமில்லை. கடைசியில் அக்காவே டிக்கெட் எடுத்துக் கையில் திணித்துவிட்டாள்.

பதினெட்டாவது வரிசை, ஜன்னலோரம். பணத்தைத் தோல்பையில் வைத்து முன்சீட்டுக்கு அடியில் தள்ளியிருந்தேன். கிளம்புமுன் கட்டெறும்பு ஒலிபெருக்கியில் சொன்னாள்: செல்போன் சீட் இடுக்கில் விழுந்தால் சீட்டை அசைக்க வேண்டாம், எங்களைக் கூப்பிடுங்கள். சீட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரத்தில் என் போன் இடுக்கில் நழுவியது. நான் தைக்கும் பஸ் சீட்டில் சாய்வைப் பின்னால் தள்ளினால் இடுக்கு விரியும். பொத்தானை அழுத்தி முதுகால் தள்ளினேன். விமான சீட்டில் இடுக்கு மூடிக்கொள்கிறது. எவன் செய்தானோ. போன் நசுங்கி நறுக்கென்று ஒரு சத்தம். அப்புறம் உஸ்ஸென்று தொடைக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை.

கட்டெறும்பு வந்தாள். "எந்திரிங்க" என்றாள். மாமா என்று சொல்லவில்லை.

ஆறு வரிசை ஆட்களை முன்னால் நகர்த்தினாள். குரல் உயரவேயில்லை. தலையில் புகைக் கவசத்தை மாட்டிக்கொண்டு, இடுக்கில் எட்டிப்பார்த்த தீயின்மேல் தீயணைப்பானை அடித்தாள். கூட வேலை செய்யும் பெண் விமானிக்குத் தகவல் சொல்லிவிட்டு ஐஸ் வாளியோடு ஓடிவந்தாள்.

"ஐஸ் வேணாம், சூட்டை உள்ளயே அடைச்சு வச்சிரும். தண்ணி குடு."

பாட்டில் பாட்டிலாக ஊற்றினாள். எனக்கு அப்போதுதான் பை ஞாபகம் வந்தது. ஆட்களை விலக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

"அங்கயே நில்லுங்க!"

"பையில பணம் இருக்கு!"

"இருக்கட்டும்."

"உன் பணம்டி அது!"

"எம் பணம்தானே? எரியட்டும். நீங்க போய் உக்காருங்க."

உட்கார்ந்தேன். என்னை அதட்டி உட்கார வைத்த ஆள் அதுவரை பிறந்திருக்கவில்லை. இருந்தாலும் தொழில் தெரிந்தவன் சும்மா இருக்கக்கூடாதல்லவா? "குஷன் வெல்க்ரோ ஒட்டுத்துணியிலதான் நிக்குது, முன்னாடி புடிச்சுத் தூக்கு!" என்று கத்தினேன்.

"தெரியும்" என்றாள். நான் சொன்ன பிறகுதான் தூக்கினாள்.

குஷனுக்கு அடியில் புகை இன்னொரு தடவை கிளம்பியது. இன்னும் ஐந்து பாட்டில் ஊற்றினாள். அடங்கியது. ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்திலிருந்த விமான நிலையத்தில் அவசரமாக இறங்கும்வரை இருபத்தைந்து நிமிஷம் பாட்டிலும் கையுமாக அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு போனாம் சார்?" என்று பக்கத்து ஆள் கேட்டார்.

"தெரியலைங்க" என்றேன்.

இறங்கியதும் ஒரு கூடத்தில் உட்கார வைத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பைகள் வந்தன. என் பை எரியவில்லை, நனைந்திருந்தது. அதே ஆள் மறுபடி வந்தார்.

"அந்தப் பொண்ணு உங்களுக்குச் சொந்தமா? உன் பணம்டின்னு கத்துனீங்களே."

"அக்கா மக."

"என்ன வேலைன்னு சொல்றது இத?"

"தீ அணைக்கிறா" என்றேன். "ஒழிஞ்ச நேரத்துல தட்டும் தூக்குவா. போனு என்னுதுதான்."

அந்த ஆள் என் தோளுக்கு மேலே பார்த்தார். திரும்பினேன். கட்டெறும்பு நின்றிருந்தாள். முழங்கால் இரண்டும் ஈரம், சட்டைக் கையில் கரி. வலது கையை விரித்து நீட்டினாள்.

நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. விரல்நகத்தால் பிரித்துப் பிரித்து வைத்தேன். அறுபதில் தப்பிவிட்டது. எடுத்து முதலிலிருந்து எண்ணினேன். அவள் கையை இறக்கவில்லை. எண்பது ஐந்நூறு நோட்டு, சரியாக இருந்தது.