பனிச்சறுக்குக்குக் கொடுத்த மூலை

ரங்கூனில் ஒரு தமிழ்த் தினசரியில் நான் உதவி ஆசிரியர். ஊர் திரும்பும் தமிழர்களுக்கான கப்பல் அறிவிப்பு முதல் பக்கத்தின் கீழ் மூலையில் வரும். நம் ஆட்கள் தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

ஒரு நாள் பக்கத்தை முடிக்கும் நேரத்தில் ஐரோப்பாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. மலைச்சரிவில் சர்வதேசப் பனிச்சறுக்குப் போட்டி. காலில் நீளப் பலகைகளைக் கட்டிக்கொண்டு, நட்ட கொடிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்குகிறார்களாம். நான் அதுவரை கண்ட பனி, லத்தா சந்தையில் மீன் கூடையில் கொட்டும் ஐஸ் தூள்தான். ஆனாலும் ஆல்ப்ஸ் மலையிலேயே பிறந்தவன் போல வர்ணித்துத் தள்ளினேன். செய்தி நீண்டுவிட்டது. மேஜையில் கப்பல் கம்பெனியின் சீட்டு கிடந்தது. 'பயண நாள் மாற்றம்' என்ற முதல் வரியோடு நிறுத்திக்கொண்டேன். எங்கள் கப்பல்கள் தள்ளித்தான் போகும். முன்னதாகக் கிளம்பிய சரித்திரமே இல்லை. நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று அந்த மூலையையும் பனிக்கே கொடுத்தேன்.

கப்பல் மறுநாள் மதியமே புறப்பட்டுவிட்டது, இரண்டு நாள் முன்னதாக. துறைமுகத்துப் பக்கம் இருந்தவர்களுக்கு வாய்வழியாகத் தெரிந்திருக்கிறது. ஊருக்கு வெளியே இன்சீனில் ரயில் பட்டறை ஃபிட்டராக இருந்த, அந்தக் கப்பலில் இடம் போட்டிருந்த என் நண்பருக்குத் தெரியவில்லை. அவர் மனைவியும் மகளும் முந்திய கப்பலிலேயே போய்விட்டவர்கள். பேப்பரும் கையுமாக வந்து நின்றார்.

"அண்ணே, கப்பல் சேதி இதுல இல்லையே? ரெண்டு தடவ படிச்சேன். பனியில வழுக்குறது வரைக்கும் படிச்சேன்."

மேஜையில் கிடந்த கப்பல் கம்பெனிச் சீட்டை இழுப்பறைக்குள் தள்ளினேன்.

கப்பலைத் தவறவிட்டதாக மனைவிக்கு அவர் அடித்த தந்தி தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. அதற்குள் சென்னைத் துறைமுகத்தில் மகளோடு காத்து ஏமாந்த மனைவியிடம் மைத்துனர்கள் வேறு கதை சொல்லிவிட்டார்கள்: காத்துக் கிடந்தவன் கப்பலைக் கோட்டைவிடுவானா, அங்கே ஒரு பர்மாக்காரியை வைத்திருக்கிறான் என்று. அந்த அம்மாவும் நம்பிவிட்டார். நண்பர் மறுபடி வந்தார்.

"பேப்பர்ல போடாம விட்டதாலதான் கப்பல் போச்சுன்னு ஆபீஸ் தாள்ல ரெண்டு வரி எழுதிக் குடுங்கண்ணே. அவ நம்புவா."

எழுதினால் முதலாளி காதுக்குப் போகும், வேலை போய்விடும். 'பயண நாள் மாறியதால்' என்று பூசி மெழுகி, கையெழுத்துக்கூடப் போடாமல் கொடுத்தேன். அது கோழைத்தனம், வேறு பெயர் கிடையாது. அவர் படித்துப் பார்த்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வர்றேண்ணே" என்று மட்டும் சொன்னார்.

ஐந்து மாதம் கழித்துத்தான் அவருக்கு அடுத்த கப்பலில் இடம் கிடைத்தது. பிறகு ஒரே ஒரு கடிதம் வந்தது. மனைவி அண்ணன் வீட்டோடு இருந்துவிட்டாளாம். "பொண்ணு பள்ளிக்கூடம் போற வழியில சைக்கிள் கடை போட்டிருக்கேன் அண்ணே. என்னைக் கண்டா எதிர்ப்பக்கமா நடந்து போயிடுது."

அதற்குள் எங்கள் பத்திரிகையும் மூடியாகிவிட்டது. பறிபோக வேலையும் இல்லை. இருந்தும் அந்த இரண்டு வரியை நான் எழுதி அனுப்பவில்லை.