செவ்வாயில் கூடாரம் போடுகிறவர்

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு விண்வெளி நாடகம் செய்தோம். மேடையில் இல்லை, குரலில் மட்டும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே இருந்த அறையில், வெளியிலிருந்து சத்தம் வராமல் ஜன்னலில் ஒரு மெத்தையைச் சாய்த்து வைத்துவிட்டு, சனிக்கிழமை காலைகளில் பதிவு செய்து இணையத்தில் போடுவோம். கிரகங்களுக்குத் தண்ணீர் ஏற்றிப் போகும் பழைய கப்பல் ஒன்று. அதில் மூன்று பேர். கிளினிக் கவுண்டரில் வேலை பார்க்கும் அக்காதான் கேப்டன். கைப்பேசி பழுது பார்க்கும் தம்பி பைலட். கிள்ளான் துறைமுகத்தில் ஃபோர்க்லிப்ட் ஓட்டிய அண்ணன் என்ஜினியர். எழுதுவது நான். போகப் போக ஒருவரையொருவர் அந்த வேலைப் பெயரிலேயே கூப்பிட ஆரம்பித்துவிட்டோம்.

முதல் பாகம் முடிந்த சில மாதங்களில் என்ஜினியர் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த அறைப் பக்கம் யாரும் போகவில்லை. நாடகத்தைக் கேட்டவர்கள்தான் விடவில்லை. இரண்டாம் பாகம் எப்போது என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஒரு வருஷம் கழித்து, சரி என்றோம்.

கதையைப் பத்து வருஷம் தள்ளி வைக்கலாம் என்பது என் யோசனை. அப்படியானால் ஒவ்வொருவரும் இப்போது என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று முடிவு செய்யவேண்டும். கீழே இருந்த சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். கேப்டனைப் பெரிய படைக்குத் தளபதியாக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

"வேணாம் லா," என்றார் அக்கா. "நாள் முழுக்க கவுண்டர்ல நம்பர் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை போச்சு. என்னைக் கண்ணாடி வீட்டுல கீரை போட விடு. யாருக்கும் ஆர்டர் போடக் கூடாது."

பைலட்டுக்கு விண்வெளியில் போக்குவரத்து அதிகாரியாக வேண்டுமாம். "ரோட்டுல எனக்கு எத்தன அபராதச் சம்மன் குடுத்திருக்காங்க. நானும் நாலு பேருக்குக் குடுக்குறேனே."

சிரித்தோம். கதாபாத்திரத்துக்கு வேலை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு அவரவர் ஆசையைத்தான் மேசையில் வைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. பிறகு என்ஜினியரைப் பற்றி யார் முதலில் பேசுவது என்று தெரியாமல் மூவரும் தே தாரேக் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தோம்.

"கப்பலக் காப்பாத்திட்டு செத்துடட்டும் அக்கா," என்றான் பைலட். "ரெண்டாம் பாகத்தோட முதல் பகுதியிலயே. அண்ணனுக்கு அதான் மரியாதை."

அந்த வாரமே எழுதிவிட்டேன். நன்றாகவும் வந்திருந்தது. பதிவு செய்வதற்கு முன்னால் அண்ணன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடு என்றார் கேப்டன். ரயிலில் கிள்ளானுக்குப் போய், அங்கிருந்து காப்பார் சாலையில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே நான் வாசித்ததைக் கடைசிவரை கேட்டார்.

"மத்தவங்கல்லாம் என்னா ஆனாங்க?"

கீரைத் தோட்டத்தையும் சம்மனையும் சொன்னேன்.

"அவருக்கு மட்டும் வேலை இல்லையா?"

வாசித்த தாள்களை மடித்துப் பையில் வைத்தேன்.

"நெசத்துல ஒரு தடவ போயிட்டாரு. அது போதும் மா. கதையிலயாவது ஏதாச்சும் வேலை குடு."

என்ன வேலை கொடுக்கலாம் என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னார். துறைமுக வேலையை விட்டுவிட்டு, கல்யாண வீடுகளுக்குக் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடவேண்டும் என்பது அண்ணனின் ஆசையாம். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சாப்பாட்டைப் பார்க்கமாட்டார், கூடாரக் கம்பியை ஆட்டிப் பார்ப்பாராம். எங்களோடு அத்தனை சனிக்கிழமைகள் இருந்தவர் ஒருநாளும் இதைச் சொன்னதில்லை.

"செவ்வாய்ல மூச்சு விடக் காத்து கிடையாது அக்கா," என்றேன். "கல்யாணம் பண்ணணும்னா காத்து அடைச்ச கூடாரந்தான் வேணும்."

"அப்போ அவருக்கு வேலை நெறைய வரும்," என்று சொல்லிச் சிரித்தார். சிரித்த பிறகு கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். "பிசியா இருக்காருன்னு எழுது. அதான் கப்பலுக்கு வர முடியல."

அப்படியே எழுதினேன். கப்பலில் எது பழுதானாலும் செவ்வாய்க்கு அழைப்பார்கள். அவர் வெளியே கூடாரம் போடப் போயிருப்பார். அழைப்பை எடுத்துப் பேச ஒரு குரல் வேண்டியிருந்தது. அவர் மனைவியையே கேட்டோம். முதலில் மாட்டேன் என்றார். பிறகு ஒரு சனிக்கிழமை, மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலங்களோடு வந்து நின்றார். தாளைப் பார்த்து வாசித்தபோது குரல் விறைத்துக்கொண்டது. நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ, தாளைக் கீழே வைத்துவிட்டு, "அவரு வெளிய போயிருக்காரு கேப்டன். நீங்க சாப்ட்டீங்களா?" என்று கேட்டார். எழுதாத அந்தக் கேள்விக்குக் கேப்டனும் தடுமாறி, "இன்னும் இல்ல மா," என்றார். அதையே வைத்துக்கொண்டோம்.

மூன்று பகுதிகள் போன பிறகு அவரே ஒரு கோரிக்கை வைத்தார். "ஏன் தங்கச்சி, அவருக்கு வேலை குடுத்துட்ட. நான் மட்டும் போன் எடுத்துக்கிட்டே இருக்கணுமா? என்னை லோரி ஓட்ட விடு."

கூடாரங்களை ஏற்றிக்கொண்டு செவ்வாயின் பள்ளங்களில் லோரி ஓட்டுகிறவரானார். பைலட் ஒரு பகுதியில் அவருக்குச் சம்மன் கொடுக்கப் பார்த்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

கடைசிப் பகுதியில் எல்லோரும் செவ்வாயில் ஒரு கல்யாணத்துக்குப் போவதாக வைத்தேன். அங்கே என்ஜினியரைக் காட்டாமல் தப்பிக்க முடியாது. பழைய பதிவிலிருந்து அண்ணன் குரலில் ஒரு வரி எடுத்துப் போடலாமா என்று பைலட் கேட்டான். அவர் மனைவி வேண்டாம் என்று, தன் வசனத்தைத் தானே பேசிக் காட்டினார். "அவரு பின்னாடி கயிறு இழுத்துக் கட்டிக்கிட்டு இருப்பாரு. நீங்க சாப்ட்டுட்டுக் கெளம்புங்க. நான் சொல்லிக்கிறேன்."

பைலட் ஒரு மழைக்கோட்டை மைக்குக்குப் பக்கத்தில் உதறி, கூடாரத் துணி படபடக்கும் சத்தத்தைக் கொடுத்தான். அந்தச் சத்தத்துக்கு மேல் யாரும் பேசவேண்டாம் என்று கேப்டன் கையைக் காட்டினார். இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று பதிவை நிறுத்தாமல் விட்டேன்.