ஓவன் இருந்த அறை

அடையாறில் நான் வேலை பார்த்த அலுவலகம் முன்பு ரொட்டித் தொழிற்சாலையாக இருந்த கட்டடம். அதை இடிக்காமல், கண்ணாடி பதித்து ஏசி போட்டு வாடகைக்கு விட்டிருந்தார்கள். புகைபோக்கியை மட்டும் அழகுக்காக விட்டுவைத்திருந்தார்கள்.

அங்கிருந்த காவலாளிக்கு அறுபது வயதிருக்கும். புருவத்தில் முடியே கிடையாது. மீட்டிங் அறைக் கதவைத் திறக்கும்போதெல்லாம் முதலில் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். பிறகு ஓரமாக ஒதுங்கி நின்று திறப்பார்.

ஒருநாள் கேட்டேன். "ஏன்ணே, கதவுல ஷாக் அடிக்குதா?"

"இங்கதான் சார் ஓவன் இருந்துச்சு. அப்ப ரொட்டித் தட்டை வெளிய இழுக்குறது நம்ம வேலை. நேரா நின்னு தொறந்தா மூஞ்சி வெந்துடும்."

"இப்ப உள்ள ஏசிதானே ஓடுது?"

"எனக்குத் தெரியுது. கை எங்க சார் கேக்குது?"

ஒரு வெள்ளிக்கிழமை, ஆட்குறைப்பு என்று சொல்லி அந்த அறைக்கு எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். உள்ளே போனவர்கள் ஐந்து நிமிடத்தில் வேலை இல்லாமல் வெளியே வந்தார்கள். என் முறை வந்தபோது எனக்குப் பயமும் இல்லை, கோபமும் இல்லை. கதவுக்கு எதிரே போய் நின்றேன்.

அவர் வழக்கம்போலப் புறங்கையால் கதவைத் தொட்டார். பிறகு என் முழங்கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தார்.

"நேரா நிக்காத சார்."

விஷயம் தெரிந்து இழுத்தாரா, பழக்கத்தில் இழுத்தாரா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அன்று முழுக்க என் உடம்பில் உணர்ச்சி இருந்தது அந்த முழங்கையில் மட்டும்தான்.