பங்களா வாசல்களில் நின்ற ஜட்கா

கோயம்புத்தூரில் கல்லூரிப் பரீட்சை முடிந்ததும் நண்பர்கள் மூவரும் ஊட்டிக்கு ரயிலேறினோம். ஊர் சுற்றக் கிடைத்தது ஒரு காலைப் பொழுதுதான். ஏரி, பூங்கா, தொட்டபெட்டா எல்லாவற்றையும் பார்த்துவிடும் ஆசையில் ஒரு ஜட்காவைப் பிடித்தோம்.

வண்டிக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். ஒல்லி உடம்பில் கிழிந்த கம்பளிக் கோட்டு. துரைமார் பங்களா கண்ணில் பட்டால் போதும், வண்டியை உள்ளே விடுவார். தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சமையல்கட்டுப் பக்கம் போய் ஏதோ கேட்டுவிட்டு வருவார். பெர்ன்ஹில் பகுதிக்கு வருவதற்குள் ஏழு பங்களா ஆயிற்று. ஏரியைக்கூட நாங்கள் பார்க்கவில்லை.

எட்டாவது வாசலில் எனக்குப் பொறுமை போயிற்று. "ஏனுங்க, நாங்க ஊரு பாக்க வந்தமா, உங்களோட வாசல் வாசலா நிக்க வந்தமா?"

"கோவிச்சுக்காதீங்க சாமி. என்ற தங்கச்சிய ஒரு தொரை ஊட்டுக்கு ஆயா வேலைக்குக் கூட்டிட்டு வந்தாங்க. எந்த பங்களான்னு தெரியலீங்க."

"அதை சவாரி இல்லாதப்பத் தேடறதுதானுங்க?"

"வெறும் வண்டின்னா காவக்காரன் உள்ள விடமாட்டானுங்க. ஆளு உக்காந்திருந்தா விருந்தாளின்னு விட்டுருவான்."

"ரயிலுக்கு நேரமாச்சு. ஸ்டேஷனுக்கு விடுங்க" என்றேன்.

"ஆகட்டுங்க" என்று குதிரையைத் திருப்பினார். எங்களை இறக்கிவிட்டு, வெறும் வண்டியோடு போய்விட்டார்.

ரயில் ஒரு மணி நேரம் தாமதம் என்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. முதல் வாசலிலேயே அந்த மனிதர் விஷயத்தைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்ற எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை. சொல்லியிருந்தால் மட்டும் நான் வண்டியில் உட்கார்ந்திருப்பேனா என்பதும் தெரியவில்லை.