சரஸ்வதிக்கு முன்னால் வைத்த டெப்

கம்ப்யூட்டர் கடைக்கு வருகிறவர்கள் முதலில் வாங்குவது கடைக்காரனின் வாக்கை. பொருளுக்குக் கை நீட்டுவது அதற்குப் பிறகுதான். நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பி, கண்டி மஹய்யாவையில் சின்னதாக ஒரு கடை போட்டிருக்கிறேன். டேப்லெட்டை இங்கே டெப் என்பார்கள்; நாளுக்கு ஒருவராவது வந்து கேட்டுவிடுவார்: "வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பதிலா ஒரு டெப் போதுமா?" இதற்குப் பதில் சொல்லி மாட்டிக்கொண்ட சக கடைக்காரர்கள் யாராவது இதை வாசித்தால், என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விடுங்கள்.

வாக்குக் கொடுத்தேன்

மாநகர சபையில் கோப்பு எழுதும் லிகிதராக இருக்கும் செல்வம், மனைவி வசந்தாவோடும் மகள் நிரோஷாவோடும் வந்தார். அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது. சுவிட்சைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் குடித்து, கோப்பையையும் கழுவிவிட்டு வந்தால்தான் திரை வெளிச்சமாகும். போன வருடம் நிரோஷா ஆசிரியர் பயிற்சிக்காகக் கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது அது பாதியில் நின்றுபோய், விண்ணப்பமே போகவில்லை. இந்த வருடத்தையும் விட்டால் அவளுக்கு இன்னொரு வாய்ப்பு இல்லை.

நான் யோசித்தேன். ஒரு படிவம் நிரப்ப வேண்டும், சான்றிதழ்களைப் படமெடுத்து ஏற்ற வேண்டும், அவ்வளவுதானே? "டெப் தாராளமாகப் போதும்" என்றேன். அன்று மாலையே பழைய கம்ப்யூட்டர் இரும்புக் கடைக்குப் போய்விட்டது. வாசற்படியில் நின்று வசந்தா சொன்னது மட்டும் எனக்குள் தங்கிவிட்டது: "நீங்க சொன்னதாலதான் வாங்குறோம் அண்ணே. புள்ளையோட படிப்பு இப்ப இதுக்குள்ளதான் இருக்கு, பார்த்துக்கங்க."

மனுசியின் மடி

அந்தப் பாரம் தலையில் இருந்ததால், அடுத்து வந்தவரிடம் அடக்கியே பேசினேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியிலேயே வேலை பார்த்து ஓய்வுபெற்ற பொறியியலாளர்; வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான். பத்திரிகை வாசிக்கவும் கனடாவில் இருக்கும் மகனோடு பேசவும் ஒன்று வேண்டும் என்றார். "உங்கள் ஒருவருக்கு என்றால் போதும் ஐயா" என்று கவனமாகச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.

இரண்டு கிழமையில் திரும்பி வந்துவிட்டார். பழுதாகிவிட்டதோ என்று எனக்குப் பயம். அவரோ இன்னொரு டெப் கேட்டார். காரணத்தை அவர் வாயாலேயே கேளுங்கள்: "பழுதாகேல்லைத் தம்பி. முந்தி மேசைக்கு முன்னால கதிரையில நான் இருந்தால் கம்ப்யூட்டர் என்ர. இது மனுசியின்ர மடிக்குப் போச்சுது, இன்னும் திரும்பி வரேல்லை."

கம்பளை ஹாஜியார்

கம்பளையில் புடவைக்கடை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர், கையிலேயே கொண்டு திரியலாம் என்பதற்காகவே டெப் வாங்கினார். முதல் கிழமை அதைச் சாய்த்து வைக்க ஒரு ஸ்டாண்ட் கேட்டார். பிறகு விரல் பெரிது என்று கீபோர்ட், பில் அடிக்க பிரின்டர், கண் வலிக்கிறது என்று பெரிய திரை. எல்லாவற்றையும் பொருத்திப் பூட்டிக் கொடுக்க நானே போனேன். அவர் கடையில் பழைய கம்ப்யூட்டர் இருந்த அதே மேசை. நடுவில் டெப், வலையில் மாட்டிய நண்டு மாதிரி வயர்களுக்குள் கிடந்தது. ஹாஜியார் இடுப்பில் கைவைத்துச் சுற்றிப் பார்த்தார்: "எப்படித் தம்பி? இப்ப இதத் தூக்கிட்டுப் போக ஒரு லொறி பிடிக்கணும்!"

பதினெட்டு வீதம்

நிரோஷாவின் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வந்தது. பிற்பகல் நாலு மணியோடு முடிந்துவிடும். இரண்டரைக்குச் செல்வம் அழைத்தார்: "அண்ணே, உடனே வாங்க. இவ டெப்பைப் பூஜையில வச்சுட்டா."

அன்று சரஸ்வதி பூஜை. அப்பா ஒரு தடவை வாசித்துப் பார்க்கட்டும் என்று, அனுப்புவதை மட்டும் பாக்கி வைத்திருந்தாள் நிரோஷா. அதற்குள் வசந்தா அவளுடைய புத்தகங்களையும் அசல் சான்றிதழ்களையும் படத்துக்கு முன்னால் அடுக்கி, டெப்பை மேலே சாய்த்து வைத்து, சந்தனப் பொட்டும் இட்டுவிட்டார். நிரப்பிய படிவமும் சான்றிதழ்ப் படங்களும் டெப்புக்குள்ளே, அசல்கள் அதற்குக் கீழே; என் கடைக் கம்ப்யூட்டரில் புதிதாகத் தொடங்கவும் வழியில்லை. இனி விஜயதசமி காலையில்தான் எடுக்கலாம். "பழைய கம்ப்யூட்டர்னா இருந்த இடத்துலயே பொட்டு வச்சிருப்பேன். இது புத்தகம் அளவுதானே, தூக்கி வச்சுட்டேன்" என்றார்.

"சரஸ்வதியே படிக்கத்தாம்மா சொல்றா!" என்று அழுதாள் நிரோஷா.

"சொல்லுவா. நாளைக்குக் காலையில சொல்லுவா."

வாதாட எனக்கு வாய் வந்தது. ஆனால் வசந்தாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன். வைத்ததை எடுத்து, பிறகு மகளுக்கு இடம் கிடைக்காமல் போனால், அந்தப் பழியை ஆயுள் முழுக்கத் தன் மேலேயே போட்டுக்கொள்வார். "எடுக்கத்தானே கூடாது? எடுக்காமலே எழுதினால்?" என்று கேட்டேன். யோசித்தார். சரி என்று தலையை ஆட்டினார்.

கடைக்கு ஓடி, வயரில்லாத கீபோர்டும் மவுஸும் கொண்டுவந்தேன். அவற்றை இணைக்கும் சின்ன யூ.எஸ்.பி. குமிழை டெப்பின் துளையில் செருக வேண்டும். என்னைத் தொட விடவில்லை. வசந்தாவே கைகால் கழுவி, நெற்றியில் திருநீறு பூசி, பூ வைப்பதுபோல் செருகினார். நிரோஷா சம்மணமிட்டு உட்கார்ந்து கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டாள். சார்ஜ் பதினெட்டு வீதம். இருந்த ஒரே துளையில் குமிழ் இருந்ததால் சார்ஜரும் போட முடியாது. அனுப்பு என்பதை அழுத்தினாள்; கடைசி நாள் நெரிசலில் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. பத்து, ஏழு... செல்வம் கண்ணை மூடிக்கொண்டார். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க, நாலு வீதத்தில், "விண்ணப்பம் கிடைத்தது" என்று திரையில் வந்தது.

வசந்தா கற்பூரம் காட்டி, எனக்கும் திருநீறு தந்தார்: "மத்த புள்ளைங்க மேசையில இருந்து அனுப்பியிருக்கும், எம்புள்ள சரஸ்வதி முன்னாலயே உக்காந்து அனுப்பியிருக்கா. இனி கிடைக்காட்டி உங்ககிட்ட வரமாட்டேன் அண்ணே, நேரா அவகிட்டயே கேட்டுக்குவேன்."

டெப் போதுமா என்று கேட்பவர்களிடம் இப்போதும் "தாராளமாக" என்றுதான் சொல்கிறேன், ஆனால் விலையைச் சொல்வதற்கு முன் நவராத்திரி எப்போது வருகிறது என்று கலண்டரை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.