அன்புச்செல்வி அடைத்த ஓட்டை

வேங்கிக்காலில் யார் வீட்டு மாடித் தொட்டி ஒழுகினாலும் முதலில் அன்புச்செல்விக்குத்தான் போன் போகும். பைபர் கதவு கம்பெனியில் கூட்டிப் பெருக்கப் போனவள், பார்த்துப் பார்த்தே பைபரை இறுக வைக்கிற ரெசின் கலக்கக் கற்றுக்கொண்டு, பத்தே வருடத்தில் தனியாக வேலை எடுக்க ஆரம்பித்துவிட்டாள். வீட்டுக்காரருடைய பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு வருவாள். பைபர் தூள் தோலில் ஏறினால் அரிப்பு உயிரை வாங்கிவிடும். வேலை முடிந்து பச்சைத் தண்ணீரில்தான் குளியல், மார்கழியானாலும் சரி; வெந்நீர் பட்டால் தூள் இன்னும் உள்ளே ஏறும். "அன்புச்செல்வி அடைச்சா ஒழுகாது" என்று ஊரில் ஒரு பேச்சு. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, உழைத்துச் சம்பாதித்த கர்வம்தானே!

அந்தப் பேர்தான் அவளைக் கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நாற்பது வருடம் கப்பலில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற சகாதேவன், பாண்டிச்சேரியில் ஒரு பழைய பைபர் பாய்மரப் படகை வாங்கி, லாரியில் ஏற்றி வந்து தன் காலி மனையில் நிறுத்தியிருந்தார். கடல் எங்கே, மலை எங்கே! கிரிவலம் வந்த ஜனங்கள் அதைத் தெப்பம் என்று நினைத்து, போன பௌர்ணமிக்கு மேல்தளத்தின் ஓரமெல்லாம் அகல் ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். போல்ட் ஓட்டைகளில் எல்லாம் நல்லெண்ணெய். எண்ணெய்ப் பசை இருந்தால் ஓட்டையை அடைக்கிற சீலன்ட் ஒட்டுமா? சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டு நாள் அசிட்டோன் போட்டுத் துடைத்தாள்.

"மழை பெஞ்சா உள்ள ஒழுகுது. மேல இருக்கிற பட்டை, வளையம் எல்லாத்தையும் கழட்டி, திரும்ப அடைச்சுக் குடும்மா," என்றிருந்தார் சகாதேவன். படகு சரியானதும் அவரும், அவருடைய ஒரே மகள் அறிவுமதியும் அதில் கடலுக்குப் போவதாக ஏற்பாடு.

மூன்றாம் நாள் வலது பக்கத்துப் பட்டையைக் கழற்றினாள். பாய்மரம் சாயாமல் இழுத்துப் பிடிக்கிற கம்பி மாட்டும் பட்டை அது. ஓட்டையிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்தது. ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டுப் பார்த்தாள். மேலே ஒரு பைபர் தோல், கீழே ஒரு தோல், நடுவில் மரம். அந்த மரம் ஊறின பிண்ணாக்கு மாதிரி வழித்துக்கொண்டு வந்தது. பாயில் காற்று அடித்தால் அத்தனை இழுவையும் இந்தப் பட்டையில்தான். இது பிடுங்கிக்கொண்டால் பாய்மரம் அப்பன் மகள் தலைமேலேயே விழும்.

"சார், மரம் மொத்தமா பூடுச்சு. கீழ்ப்பக்கம் அறுத்து, அழுகினத வாரி எடுத்து, காய வெச்சு, புதுசு வெச்சு ஒட்டணும். பத்து நாள் ஆவும்."

சகாதேவன் முஷ்டியால் குத்திப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கேம்மா."

"தோலுதான் சார் கல்லு. உள்ள ஒண்ணுமில்ல."

"நாப்பது வருசம் கப்பல்ல இருந்தவன் நானு. தண்ணித் தொட்டி அடைக்கிறவ எனக்குப் பாடம் எடுக்கிறியா? வியாழக்கிழமை பௌர்ணமி, இந்த ரோட்ல லாரிய விட மாட்டாங்க. வெள்ளிக்கிழமைக்கு பாண்டியில படகக் கடல்ல எறக்க கிரேன் சொல்லிட்டேன். புதன்கிழமை படகு லாரியில ஏறணும். தண்ணி வராம அடை, அது போதும்."

அன்புச்செல்வி அறிவுமதியைக் கூப்பிட்டு, ஒரு ரூபாய்க் காசால் தட்டிக் காட்டினாள். மற்ற இடத்தில் டங்கென்றது, பட்டைப் பக்கம் தொப்பென்றது. "கேக்குதாம்மா?"

"கேக்குதுக்கா. ஆனா அப்பாவுக்குத் தெரியாததா?"

செவிடன் காதில் ஊதின சங்குதான், வேறென்ன?

போட்டது போட்டபடி போய்விடலாமா என்று நினைத்தாள். போனால் அந்த மனுஷனே பாத்ரூம் சிலிக்கானை அப்பிவிடுவார், அது இன்னும் கேடு. அதனால் இருந்தாள். விரல் எட்டியவரை அழுகலைத் தோண்டி ரெசின் ஊற்றினாள். விளிம்பைச் சரிவாகச் சீவி, சீலன்டை வளையமாக வைத்து, நட்டைப் பாதிதான் இறுக்கினாள். முதல் நாளே முழுக்க இறுக்கினால் சீலன்ட் மொத்தமும் பிதுங்கி வெளியே வந்துவிடும். அது ரப்பராக இறுகட்டும் என்று ஒரு நாள் விட்டு, செவ்வாய்க்கிழமை மீதியை இறுக்கினாள். அப்படி ஒரு சுத்தம், அப்படி ஒரு அழகு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. தன் கைமேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

கிளம்பும்போது மறுபடியும் சொன்னாள். சகாதேவன் சிரித்தார். புதன்கிழமை லாரி போய்விட்டது.

மூன்று வாரம் கழித்து, வேங்கிக்காலில் ஒரு மொட்டை மாடியில் தொட்டிக்குள் குனிந்திருந்தபோது போன் அடித்தது. அறிவுமதி.

"அக்கா! ராத்திரி பூரா இங்க மழை. உள்ள ஒரு சொட்டு இல்ல! அப்பா பாக்குறவங்ககிட்ட எல்லாம் உன் பேரத்தான் சொல்றாரு. பாய் ஏத்திட்டோம், இதோ கெளம்புறோம்."

"அறிவு, அந்த வலப்பக்கத்துப் பட்டை..."

"இருக்கிறதிலயே அதான்க்கா சூப்பரு!"

"காத்து ஜாஸ்தியா இருக்காம்மா? லைப் ஜாக்கெட்டாச்சும் போட்டுக்கினீங்களா ரெண்டு பேரும்?"

"அதெல்லாம் எதுக்குக்கா? நீதான் அடைச்சிருக்கியே!"

அறிவுமதி சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டாள். அன்புச்செல்வி திரும்பக் கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.